கோடியா, ஷையானா? ரோடியோ பார்க்கப் போன நாலு பேர்

அமெரிக்காவில் ரோடியோ, அதாவது துள்ளும் காளை மேலும் குதிரை மேலும் வீரர்கள் தாக்குப்பிடிக்கும் போட்டி, பார்க்க வேண்டும், அதுவும் கோடை விடுமுறையில் வயோமிங் மாநிலத்தில் என்றால், இரண்டு ஊர்களின் பெயர் அடிபடும். ஒன்று கோடி, யெல்லோஸ்டோன் பூங்காவின் கிழக்கு வாசலிலிருந்து சுமார் 50 மைல். இன்னொன்று மாநிலத் தலைநகர் ஷையான். இரண்டுக்கும் இடையே காரில் ஆறு மணி நேரம். கல்லூரி நண்பர்கள் நாலு பேர் இரண்டு கோடைகளில் இரண்டுக்கும் போய் வந்தோம். ஒன்றை முழுசாகப் பார்த்தோம், மற்றதைப் பாதிதான் பார்த்தோம். எது ஏன் பாதியானது என்பதில்தான் என் தீர்ப்பே இருக்கிறது.

ஊர் பெயர்தான் கோடி, டிக்கெட் நம் கைக்கு அடக்கம். 1938-லிருந்து நடந்து வரும் 'கோடி நைட் ரோடியோ' ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, தினமும் இரவு 8 மணிக்கு. ஜூலை முதல் நாலு நாள் மட்டும் அந்த இடத்தைப் பெரிய போட்டியான 'கோடி ஸ்டாம்பீட்' எடுத்துக்கொள்ளும்.

நாங்கள் டிக்கெட் வாங்கியிருந்தது புதன்கிழமைக்கு. அன்று மத்தியானம் பூங்காவின் ஹேடன் பள்ளத்தாக்கில் பைசன் (காட்டெருமை) கூட்டம் ஒன்று சாலையை எடுத்துக்கொண்டது. ஒரு கிடா எங்கள் பானெட் பக்கத்தில் வந்து நின்று, நிதானமாக அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தது. ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கவும் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அப்புறம் சில்வன் கணவாய் தாண்டி இறங்கும்போது பின் டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை! குட்டியாக ஒரு காற்றடிக்கும் மெஷினும் பசை டப்பாவும் மட்டும் இருந்தன. அதை எப்படிப் போடுவது என்று யூடியூபில் பார்க்கலாம் என்றால் போனில் சிக்னல் கிடையாது. கடைசியில் பிக்கப் டிரக்கில் வந்த தொப்பிக்காரத் தாத்தா ஒருவர் பார்த்துக் கொடுத்தார். நாங்கள் கோடி போய்ச் சேர்ந்தபோது மைதானத்திலிருந்து கார்கள் வெளியே வந்துகொண்டிருந்தன.

மறுநாள் கவுண்டரில் இருந்த அம்மா எங்கள் பழைய டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்டார்: "பைசனா?"

கோடியின் பெரிய பலமே இதுதான். இன்று விட்டால் நாளை உண்டு.

வியாழன் இரவு எங்களுக்குக் கிடைத்த இருக்கைக்கு 'பஸார்ட்ஸ் ரூஸ்ட்' என்று பெயர். மாடுகளை அடைத்து நிறுத்தும் கூண்டுகளுக்கு நேர் மேலே. வாடிவாசலின் உச்சியில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் கையுறையைப் பல்லால் இழுத்து இறுக்கினான். கயிற்றில் குங்கிலியம் தேய்த்துச் சூடேற்றினான். பிடித்த கையின் விரல்களை மறு கையால் குத்திக் குத்தி மூடிக்கொண்டான். மாடு ஒருக்களித்து அவன் முழங்காலைக் கம்பியோடு நசுக்கியது. தலையை ஆட்டினான், கதவு திறந்தது. இரண்டு துள்ளலில் மண்ணில் கிடந்தான்.

கணக்கு எளிது. எட்டு நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு கைதான் பிடிக்கலாம், மறு கை மாட்டிலோ தன் மேலோ பட்டால் பூஜ்யம். நூறு மார்க்கில் பாதி வீரனுக்கு, பாதி மாட்டுக்கு. மாடு சோம்பேறியாகத் துள்ளினால் நன்றாக ஓட்டியவனுக்கும் மார்க் குறையும். மாட்டுக்கு மார்க் போடுகிற நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் பிடிபடாத மாட்டுக்குப் பரிசு கொடுப்போமே, கிட்டத்தட்ட அந்த மனசு. கன்றைக் கயிறு வீசி விழுத்திக் காலைக் கட்டும் போட்டி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவனான சேகர் அந்த நேரம் பாப்கார்ன் வாங்கப் போய்விட்டான்.

நடுவில் கூட்டத்திலுள்ள குழந்தைகளை மைதானத்துக்குள் இறக்கிவிட்டு, கன்றின் வாலில் கட்டிய ரிப்பனைப் பறிக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதற்கே கொடுத்த காசு சரியாகிவிடும். ஒரு குறை: கோடியில் பலர் கற்றுக்குட்டிகள். அன்று காளை மேல் எட்டு நொடி தாங்கியவன் ஒரே ஒருத்தன்.

ஷையான் அப்படியில்லை. 1897-இல் தொடங்கிய 'ஃபிரான்டியர் டேஸ்', ஜூலைக் கடைசியில் பத்து நாள். ரோடியோவுக்கெல்லாம் அப்பன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும், சொல்லிக்கொள்ளத் தகுதியும் உண்டு. நாட்டின் முதல் வரிசை வீரர்கள் வருகிறார்கள். உலக சாம்பியன் லேன் ஃபிராஸ்ட் 1989-இல் இந்த மைதானத்தில்தான் காளை முட்டி இறந்தார். இன்று வீரர்கள் போடும் பாதுகாப்புச் சட்டை அந்தச் சாவுக்கு அப்புறம் பரவியதுதான். அவருக்கு இங்கே சிலையும் இருக்கிறது.

ஆனால் ஊர் சின்னது, கூட்டம் பெரியது. ஏப்ரலில் நான் தேடியபோதே எங்கள் பட்ஜெட்டுக்கு அறை இல்லை. 45 மைல் தள்ளி, பக்கத்து மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸில் போட்டேன். விமானத்துக்கு எல்லாரும் டென்வர்தான், அங்கிருந்து சுமார் 100 மைல். ஜூலை மாலை டென்வரில் இடி மின்னல் என்றால் விமானங்கள் வரிசையாக ரத்தாகும். வியாழன் இரவு மூன்று பேர் வந்துவிட்டோம், சேகரின் இணைப்பு விமானம் ரத்து.

வெள்ளி காலை ஷையான் ஊர் நடுவில் எல்லாருக்கும் இலவசமாகப் பேன்கேக் போடுகிறார்கள். மாவு கரைப்பது சிமெண்ட் கலக்கும் லாரியில்! சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தபோது சேகர் போன் செய்தான்: "மாப்ள, பத்து மணிக்கு இறங்குறேன், வந்து கூட்டிட்டுப் போங்கடா." போய் வந்தோம். ஐ-25 நெடுஞ்சாலை என்பது விழா வாரத்தில் ஒரு நீண்ட பார்க்கிங். நாங்கள் உட்கார்ந்தபோது மத்தியானக் காட்சியில் பாதி முடிந்திருந்தது. இருக்கையும் உயரத்தில், குதிரை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. சனிக்கிழமை காலை எல்லாருக்கும் திரும்பும் விமானம். நாளை என்பது ஷையானில் எங்களுக்கு இல்லை.

இருந்தும், கடைசியில் வந்த காட்டுக்குதிரைப் பந்தயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மும்மூன்று பேர் குழுவாகப் பழக்கப்படாத குதிரையைப் பிடித்துச் சேணம் போட்டு ஓட்ட வேண்டும். ஒரே நேரத்தில் பல குழுக்கள், புழுதிக்குள் யார் எந்தப் பக்கம் இழுபடுகிறார்கள் என்றே புரியாது. நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்றிருந்தோம். கோடியில் அப்படி நிற்கவில்லை.

முதல் முறை போகிறவர்கள், பூங்காவோடு சேர்த்து ஒரு இரவு மட்டும் ஒதுக்குகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு கோடிக்குப் போங்கள். ஜூலையிலும் இரவு குளிரும், ஸ்வெட்டர் தேவை. ஷையான், விளையாட்டு கொஞ்சம் புரிந்த பிறகு. குறைந்தது மூன்று இரவு, இரண்டு நாள் டிக்கெட், ஒரு நாள் முன்னதாகவே இறங்குவது. இது இல்லாமல் போனால் பாதிதான் கிடைக்கும். எந்த ஊரானாலும் வாடகைக் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று சாவி வாங்கும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

அடுத்த ஜூலைக்கு ஷையானிலேயே அறை போடட்டுமா என்று வாட்ஸப் குழுவில் கேட்டு ஒரு வாரமாகிறது. சேகர் மட்டும் ஒரு பேன்கேக் படம் அனுப்பியிருக்கிறான்.