பாப்பா அறைக்கு என்று கட்டிய 23,500 ரூபாய்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

குழந்தைகள் அறையை அலங்கரித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஒரு ஆன்லைன் பக்கத்துக்காரர்கள் இன்று மதியம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நாற்பத்தைந்து நாளாக "நாளைக்கு முடிச்சுடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த எண், இப்போது படம்கூட இல்லாமல் வெறும் சாம்பல் வட்டமாகத் தெரிகிறது. போனது 23,500 ரூபாய். ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். குறைந்த செலவில், ஏமாறாமல், குழந்தையின் அறையை எப்படி மாற்றுவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம், மாமனார் கட்டியது. பின்பக்கத்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்று உண்டு. இத்தனை வருடமாக அரிசி மூட்டையும் மாமனாரின் பழைய சைக்கிளும்தான் அதில் கிடந்தன. பாப்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, ஜூனில் எல்.கே.ஜி. தெரிந்தவர் வீட்டில் ஒரு பிள்ளையின் அறைச் சுவரில் நிலா ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கும் நிலா ரூம் வேணும்மா" என்று தினமும் கேட்டாள். அவள் எதையும் அடம்பிடித்துக் கேட்கிற குழந்தை இல்லை. அதனால்தான் எனக்கும் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ். இரண்டு சம்பளத்திலும் மாதக் கடைசியில் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. ஏப்ரலில் சீட்டு எடுத்தேன். அதில் முப்பதாயிரத்தை அறைக்கு என்று தனியாக எடுத்து வைத்தேன். எங்கள் தெரு ஆசாரி வேப்பமரத்தில் சின்னக் கட்டில் 14,000 ஆகும் என்றார். "அவர்கிட்டயே குடும்மா, கண்ணு முன்னாடி செய்வார்" என்று அத்தை சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கட்டிலுக்கே பதினாலு என்றால் சுவருக்கு, திரைக்கு, அலமாரிக்கு எங்கே போவது என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. படமும் வீடியோவும் போடுகிற ஒரு செயலியில், குழந்தைகள் அறை அலங்காரம் மட்டுமே செய்வதாகச் சொல்லும் பக்கம். கடை, போர்டு, முகவரி எதுவும் கிடையாது. ஆனால் லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். ப்ளைவுட் கட்டில், ஒரு சுவர் முழுக்க நிலாப் படம், புத்தக அலமாரி, இரண்டு ஜன்னலுக்குத் திரை, நட்சத்திர விளக்கு, வீட்டுக்கே ஆள் வந்து பொருத்தித் தருவது, எல்லாம் சேர்த்து 23,500.

மே 9 அன்று அந்தப் பக்கத்து ஆள் ஒருவனோடு வீடியோ காலில் பேசினேன். அந்த அறையின் ஒரு சுவருக்குப் பின்னால் பாத்ரூம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். அதைச் சொன்னேன். "சுவரைக் கொஞ்சம் தட்டிக் காட்டுங்க அக்கா" என்றான். தட்டினேன். காதைக் கொடுத்துக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, "ஆமாக்கா, கீழ பொத்தல் சத்தம் வருது. பூச்சை எடுத்துட்டு, கோட்டிங் கொடுத்து, காயவிட்டுத்தான் நாங்க ஒட்டுவோம். சும்மா ஒட்டிட்டுப் போறவங்க நாங்க இல்ல" என்றான். எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். "காவேரிப்பட்டணம்தான் அக்கா, ஆபீஸ்தான் கோயம்புத்தூர்ல. எங்க அக்கா பொண்ணுக்கும் இதே வயசுதான்." அப்புறம் பாப்பாவைக் காட்டச் சொன்னான். பெயர் கேட்டான். யானை பிடிக்குமா, முயல் பிடிக்குமா என்று கேட்டான். அவள் யானை என்றாள்.

அரை மணி நேரத்தில் ஒரு படம் வந்தது. நீல வானம், பெரிய நிலா, நிலாவில் உட்கார்ந்திருக்கும் குட்டி யானை, அதன் கீழே தமிழில் என் பிள்ளையின் பெயர். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். பாப்பா போனை வாங்கித் திரையில் முத்தம் கொடுத்தாள். நான் அந்த நிமிடமே 10,000 அனுப்பினேன். அந்த ஒரு படத்துக்காகத்தான் அனுப்பினேன். இன்றைக்கு ஒரு பெயரைத் தட்டினால் அப்படி ஒரு படம் வந்துவிடும், அதற்குப் பெரிய வேலையே கிடையாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மே 17 அன்று கட்டிலை அட்டையில் சுற்றுகிற வீடியோ அனுப்பி, "உங்களுதுதான் அக்கா, மீதியைப் போட்டீங்கன்னா இன்னைக்கே லாரி ஏறிடும்" என்றான். 13,500 போட்டேன். மொத்தம் 23,500 போய்விட்டது.

அதன் பிறகு நாலு வாரம் சாக்குப்போக்கு. லோடு முழுசா சேரவில்லை, டிசைனர் லீவு, கல்யாண சீசன், ஃபிட்டிங் ஆட்கள் கிடைக்கவில்லை. ஒரு நாள், "லாரி தொப்பூர்ல ஆக்ஸிடென்ட்ல மாட்டிக்கிச்சு அக்கா" என்றான். தொப்பூர் கணவாய் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு வயிற்றைப் பிசையும், எத்தனை விபத்து பார்த்திருக்கிறோம். "டிரைவருக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?" என்று நான் கேட்டேன். "இல்லக்கா, சாமி புண்ணியம்" என்றான். இல்லாத லாரிக்கும் இல்லாத டிரைவருக்கும் நான் அன்று ராத்திரி விளக்கு முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறேன். இதை நினைத்தால்தான் பணம் போனதைவிட அதிகமாக எரிகிறது.

ஜூன் 14. வீட்டுக்கு வரவில்லை, பார்சல் ஆபீஸுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். லோடு ஆட்டோவுக்கு 350 கொடுத்து எடுத்து வந்தோம். பாப்பா பள்ளிச் சீருடைகூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் சுருட்டி வைத்திருந்த படத்தைப் பிரித்தோம். சுவரில் ஒட்டுகிற தாள் இல்லை அது. காதுகுத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ரோட்டில் கட்டுகிறார்களே, அந்த ஃப்ளெக்ஸ். ஆறடிக்கு நாலடி, நாலு மூலையிலும் கயிறு கட்ட வளையம். மை வாசனை மூக்கில் ஏறியது. நிலா இருந்தது, யானையும் இருந்தது. மேலே "முதல் பிறந்தநாள்" என்று போட்டிருந்தது. கீழே வேறொரு குழந்தையின் பெயர்.

பாப்பாவுக்கு இப்போதுதான் தன் பெயரின் முதல் எழுத்து அடையாளம் தெரியும். விரலை வைத்துத் தேடினாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலை ஓட்டிவிட்டு, "என் எழுத்து எங்கம்மா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கட்டிலும் அதே கதி. ப்ளைவுட் என்று சொல்லி வாங்கிய காசுக்கு வந்தது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே மரம் மாதிரி அச்சடித்த தாளை ஒட்டிய பலகை அது. தண்ணீர் பட்டால் ஊதும், ஒருமுறை கழற்றிய ஸ்குரூ மறுபடி நிற்காது. பொருத்த ஆள் வரமாட்டார்களாம், "வீடியோ அனுப்புறோம், நீங்களே மாட்டிக்கலாம்" என்றார்கள். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு மாட்ட உட்கார்ந்தார். ஸ்குரூவைத் திருகத் திருக அது பிடிக்காமல் சும்மா சுற்றியது. துளையிலிருந்து புட்டுமாவு மாதிரி தூள் கொட்டியது. பதினாறு ஸ்குரூ வேண்டிய இடத்தில் பையில் பதினொன்றுதான் இருந்தது. எப்படியோ நிறுத்தினார். மறுநாள் பாப்பா ஏறி உட்கார்ந்ததும் ஒரு பக்கத்துக் குறுக்குச்சட்டம் பிய்த்துக்கொண்டு இறங்கியது. கால் நடுவில் மாட்டவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி. திரை ஒரு ஜன்னலுக்கு மட்டும் வந்தது. அலமாரியும் விளக்கும் வரவே இல்லை.

அதன் பிறகு போன் செய்தால் ஒரு பெண் எடுத்தார். அதுவரை அக்காவாக இருந்த நான் அன்றிலிருந்து மேடம். "ப்ரொடக்‌ஷன் மிஸ்டேக் மேடம், கம்ப்ளெய்ன்ட் போட்டிருக்கோம் மேடம், 48 மணி நேரம் மேடம்." 48 மணி நேரம் நாலு முறை முடிந்தது. காவேரிப்பட்டணத்துத் தம்பியைக் கேட்டால் "அவர் வேற டிபார்ட்மென்ட் மேடம்."

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. நேற்று "ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு" என்று ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து ரகசியப் பின் நம்பர் போட்டால் 23,500 கணக்கில் ஏறிவிடுமாம். நான் ஸ்கேன் செய்தும் விட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து போனைப் பிடுங்கினார். திரையில் "செலுத்துக" என்றுதான் இருந்தது. போட்டிருந்தால் இன்னொரு 23,500 போயிருக்கும். பணம் வாங்குவதற்கு அந்தப் பின் நம்பரே தேவையில்லை, பின் போட்டாலே நம் கணக்கிலிருந்துதான் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. தினமும் கணக்கு எழுதுகிறவள் நான். ஆனால் பணம் திரும்பி வருகிறது என்ற ஆசையில் கண் மறைத்துவிட்டது.

இன்று காலை, புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுதினேன். மதியம் பிளாக்.

அந்தச் செயலிக்குப் புகார் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில், அந்தப் பக்கம் விதிகள் எதையும் மீறவில்லையாம். வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பியது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். நேரில் போய்ச் சொன்ன இடத்தில், "பொருள்தான் வந்திருக்கே, அப்புறம் எப்படிம்மா மோசடி?" என்றார்கள். பொருளா அது? பாதிக் கட்டிலும் யாரோ ஒரு பிள்ளையின் பெயரும்! அப்படிக் கேட்கட்டும் என்றுதான் ஒரு பெட்டியை அனுப்பியே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இப்போது புரிகிறது.

இன்னொன்று. அவர்கள் சாட்டில் மெசேஜ் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. மே மாதம் பேசியது எல்லாம் போய்விட்டது. பாப்பா முத்தம் கொடுத்த படம் மட்டும் கேலரியில் தங்கியிருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது இரண்டும் இருக்கின்றன. அவர்கள் கொடுத்த பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை இன்றுதான் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை. இரண்டு நிமிட வேலை, இதை மே 9 அன்றே செய்திருக்கலாம்.

விவரமாக யோசனை சொல்கிறேன் என்றேன். மணி பன்னிரண்டு ஆகிறது, காலையில் வேலைக்குப் போக வேண்டும், தலை வலிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முகவரி இல்லாத பக்கத்துக்கு முன்பணம் போடாதீர்கள். உங்கள் ஊர்க்காரன் என்றால் ஊருக்கு வரச் சொல்லுங்கள். பேசுவதை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பணம் போனது தெரிந்தால் என்னைப் போல 45 நாள் காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பொருள் மட்டமாக இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போடப் போகிறேன், விடமாட்டேன்.

அறையைப் பொறுத்தவரை, ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஈரச் சுவரில் எந்தத் தாளும் நிற்காது. பெயின்ட் வாங்கினால் டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 2017 நவம்பரிலிருந்து அது சட்டம். பிள்ளைகள் அலமாரியில் ஏறுவார்கள், அதனால் சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுங்கள். கட்டிலை உள்ளூர் ஆசாரியிடமே கொடுங்கள்.

அந்த ஃப்ளெக்ஸை நான் தூக்கிப் போடவில்லை. பெயர் தெரியாதபடி திருப்பிச் சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மாவும் எங்கேயோ இதே போலப் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். முதல் பிறந்தநாளுக்கு நிலாவும் யானையும் போட்ட படத்துக்குப் பணம் கட்டி, அது வராமல் போனவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் குழந்தையின் பெயரை மட்டும் சொல்லுங்கள் போதும், சேர்ந்தே புகார் கொடுப்போம்.