எழுத்தா, முகமா, இடமா: தொலைவிலிருந்து சேர்ந்து பணிசெய்ய எது ஏற்றது?

வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து வேலை செய்ய இன்று மூன்று வழிகள் உள்ளன: ஸ்லாக் போன்ற எழுத்துத் தளங்கள், ஜூம் போன்ற காணொளி அழைப்புகள், அவதாரமாக, அதாவது நமக்குப் பதிலாக நடமாடும் கணினி உருவமாக, உள்ளே நுழைந்து உலவும் மெய்நிகர் உலகங்கள். மூன்றாவதைப் புதுவரவு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அத்தகைய உலகமான செகண்ட் லைஃப் 2003-இலேயே திறக்கப்பட்டது. 2007-இல் சுவீடன் அதற்குள் ஒரு தூதரகமே அமைத்தது. ஜூம் வந்தது 2013-இல்தான். பின்னால் வந்தது முந்திக்கொண்டதற்கு முக்கியக் காரணம் எளிமை என்றே கருதுகிறேன்: காணொளிக் கூட்டத்தில் சேர இணைப்பைத் தொட்டால் போதும், மெய்நிகர் உலகிலோ முதலில் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காணொளியின் பலம் முகம். அதன் பலவீனமும் அதுவே. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில், மிக அருகில் தெரியும் கண்கள், ஓயாமல் தெரியும் நம் சொந்த முகம், அசைய முடியாத இருக்கை, சைகைகளைப் புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் மூளை படும் கூடுதல் பாடு ஆகிய நான்கையும் களைப்புக்குக் காரணங்களாகச் சொன்னார். சொந்த முகத்தை மறைத்துவைப்பது ஒரு நொடி வேலைதான், ஆயினும் பலர் அதைச் செய்வதில்லை. போதாததற்குக் குரல் வந்துசேரும் தாமதமும் சேர்ந்துகொள்ளும்போது, இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்" என்று மாறி மாறி விட்டுக்கொடுப்பதிலேயே கூட்டம் தேங்கிவிடுகிறது.

மெய்நிகர் உலகம் உண்மையிலேயே வெல்லும் இடம் ஒலி. தொலைவுக்கும் திசைக்கும் ஏற்பக் குரல் கூடிக் குறையும்படி அமைத்த அரங்கில், இருபது பேர் நாலைந்து குழுக்களாகப் பிரிந்து ஒரே நேரத்தில் பேசலாம். ஒரு குழுவிலிருந்து விலகி இன்னொன்றை நெருங்கினால், பழைய பேச்சு மங்கிப் புதியது தெளிவாகும். காணொளி அழைப்பில் இதற்கு ஒருவர் தனி அறைகளைப் பிரித்துவைக்க வேண்டும். கட்டி முடியாத கட்டடத்துக்குள் உண்மை அளவிலேயே நடந்துபார்த்து, படிக்கட்டின் மேல் விட்டம் தலையில் இடிக்கும் என்று கண்டுபிடிப்பதும் இங்கேதான் இயலும். ஆனால் மெய்நிகர் உலகைக் காணக் கண்களை மூடி அணியும், அரைக் கிலோ எடையுள்ள ஹெட்செட்டை மாட்டியிருப்பவர் ஒரு வரி குறிப்பெழுத விரும்பினால் பெரும்பாலும் அதைக் கழற்றியாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற மெய்நிகர் உலகை 2023 மார்ச்சில் மூடியபோது, பயனர்கள் அங்கே பார்த்துப் பார்த்து அமைத்த இடங்களும் இயங்காமல் போயின. அன்றாட வேலையை இத்தகைய தளத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வடிவமைப்புக்கும் பயிற்சிக்கும் மட்டும் அதை நாடுவேன்.

அன்றாடத்துக்கு எழுத்தே ஏற்றது. எடுத்த முடிவும் அதற்கான காரணமும் ஓரிடத்தில் இருப்பதால், ஆறு மாதம் கழித்துச் சேருபவரும் தேடிப் படித்துக்கொள்ளலாம். நேர மண்டலம் வேறானவர் விழித்திருந்து காத்திருக்கவும் வேண்டாம். அதன் ஒரே பெரிய குறை தொனி. நீண்ட விளக்கம் ஒன்றுக்குப் பதிலாக "சரி" என்று மட்டும் வந்தால், அது ஒப்புதலா, சலிப்பா, கோபமா என்று எவ்வளவு முறை படித்தாலும் விளங்காது. அந்த நேரத்தில் நான் தட்டச்சை நிறுத்திவிட்டு அவரை அழைத்துவிடுவேன்; பெரும்பாலும் கேமராவைக்கூடத் திறக்க வேண்டியிருப்பதில்லை, குரலே போதுமானதாக இருக்கிறது.