கருங்கல் வீட்டுக்கு நெட் போட்ட கதை

மூணு வாரம் லீவில் ஷார்ஜாவிலிருந்து குமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர் கருங்கலுக்குப் போனேன். அப்பாவுக்கு இருந்தது ஒரே குறை: பேரனை வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் டேட்டா தீர்ந்துபோகும். சரி, போகும்முன் வீட்டுக்கு நெட் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

விலையைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. ஜியோ ஃபைபர் 399க்கு 30 எம்பிபிஎஸ் வேகம், ஏர்டெல் 499க்கு 40, பிஎஸ்என்எல் 449க்கு மாசம் 3300 ஜிபி. ஷார்ஜாவில் நான் கட்டுவது 300 திர்ஹாமுக்கு மேல். அந்தக் காசைக் கொடுத்தும் வாட்ஸ்அப் கால் ஓடாது. போட்டிம் (Botim) என்ற ஆப்பில்தான் பேச வேண்டும். ஒன்று கவனியுங்கள், ஊரில் சொல்லும் விலையில் வரி சேராது. 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 399 என்பது 471 ஆகும், 499 என்பது 589.

ஆனால் விலை பார்த்து முடிவெடுக்க முடிந்ததா? ஒரு கம்பெனி ஆள் "நாளைக்கு வாறோம்" என்று மூன்று தடவை சொன்னான். "அவன் வாறதுக்குள்ள நீ பிளேன் ஏறிருவ மக்களே" என்றார் அப்பா. இன்னொருவர், உங்க ரோட்டுக்கு கேபிள் வரவில்லை, மாடியில் பெட்டி வைக்கும் 5ஜி நெட் எடுங்க என்றார். வீட்டைச் சுற்றித் தென்னை, பின்னால் ரப்பர். மரங்கள் சிக்னலை மறைக்குமே என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடைசியில் உள்ளூர் கேபிள்காரரிடமே போட்டோம். 50 எம்பிபிஎஸ், மாசம் 600. விலை கூடுதல்தான். ஆனால் நம்ம மாவட்டத்தில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஓலை விழுந்து வயர் அறுந்தால் ஏணியோடு வரும் பையன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான்.

முதல்நாள் ஹாலில் வேகம் 47 காட்டியது, அப்பா அறையில் 6. பழைய கல்சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைத் தாண்டவில்லை, 2.4க்கு மாற்றியதும் 20 வந்தது. வீடியோ காலுக்கு அது தாராளம். கறண்டு போனாலும் நெட் நிற்காதபடி ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டேன்.

நான் ஷார்ஜா வந்த அன்றே அப்பா போட்டிமில் கூப்பிட்டார். படம் துல்லியம். தெரிந்ததெல்லாம் அவர் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்.