பேக்கப் கையில் இருந்தும் ‘டேட்டா ரிகவரி’ என்று பணம் பிடுங்கினார்கள்

ஹார்டு டிஸ்க் போய், கணினியை சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்தது திருச்சியில். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்தது 1 டிபி ஹார்டு டிஸ்க். கொஞ்ச நாளாக ‘டக் டக்’ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது, அப்புறம் ஒருநாள் விண்டோஸ் ஏறவே இல்லை. பெரிதாகப் பதறவில்லை. மாதாமாதம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் முழு பேக்கப் எடுத்து வைப்பது என் வழக்கம். கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்று ஒரு மூலையில் இன்னும் கிடக்கிறதே, அதில் எடுக்கும் சிஸ்டம் இமேஜ்தான். இனி இதை வளர்க்கப் போவதில்லை, வேறு மென்பொருளுக்குப் போய்விடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் 2017லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வேலை செய்கிறது. விண்டோஸ், போட்டு வைத்த மென்பொருள்கள், செட்டிங், ஃபைல்கள் என்று டிஸ்க்கில் இருப்பது மொத்தமும் அதில் அடங்கிவிடும்.

புது டிஸ்க் வாங்குகிற இடத்திலேயே அதை மாட்டி பேக்கப்பையும் ஏற்றிக் கொடுத்துவிட்டால் ஒரே வேலையாக முடியும் என்று சிபியூவையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘இந்த பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்ய வேண்டும், ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட வேண்டாம்’ என்று ஜாப் கார்டில், அதாவது என்ன வேலை என்று கடையில் எழுதித் தரும் சீட்டில், எழுதியும் வாங்கினேன். “இனிமே யாரு சார் ஹார்டு டிஸ்க் போடுறாங்க, எஸ்எஸ்டி போட்டுக்கங்க, பறக்கும்” என்று, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை அவர்களே எடுத்து வைத்தார்கள். “நான் பயன்படுத்தியதே 300 ஜிபிக்குள்தான், பேக்கப் இதில் ஏறுமா?” என்று கேட்டதற்கு, “தாராளமா ஏறும் சார்” என்றார்கள்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “சார், பேக்கப் கரப்ட். பழைய டிஸ்க்ல இருந்து டேட்டா ரிகவரி பண்ணணும். 6500 ஆகும்.” வீட்டில் மனைவி டியூஷனுக்கு அடித்து வைத்த வினாத்தாள்கள், குழந்தைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். சரி, செய்யுங்கள் என்றேன்.

எஸ்எஸ்டி 3,400, ரிகவரி 6,500, விண்டோஸ் 1,500, சர்வீஸ் 800 என்று மொத்தம் 12,200 ரூபாய். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டால் 18 சதவீதம் கூடுமாம்.

வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டதும் புத்தம்புதிய விண்டோஸ் 11 வந்தது. என் மென்பொருள் ஒன்றுகூட இல்லை, தமிழில் தட்டச்சு செய்யும் என்எச்எம் ரைட்டர் இல்லை, பிரிண்டர் இல்லை. டெஸ்க்டாப்பில் ‘ரிகவரி டேட்டா’ என்று ஒரு போல்டர், அதற்குள் என் ஃபைல்கள். அந்த போல்டரில்தான் குட்டு உடைந்தது. ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால், கடைசி ஃபைல் நான் பேக்கப் எடுத்த நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு டிஸ்க் சாகும்வரை நாங்கள் சேமித்த ஒரு வினாத்தாளும் இல்லை, ஒரு படமும் இல்லை. பழைய டிஸ்க்கிலிருந்து மீட்டிருந்தால் அந்தக் கடைசி வாரங்களின் ஃபைல்களில் பாதியாவது வந்திருக்க வேண்டாமா? அதுவும் அடிபட்ட டிஸ்க்கிலிருந்து மீட்கும்போது பல ஃபைல்கள் பெயர் இழந்து எண்களாக வரும், சில திறக்கவே திறக்காது. இங்கே ஒவ்வொரு போல்டரும் நான் வைத்த பெயரில், வைத்த இடத்தில், சேதாரமே இல்லாமல் இருந்தது.

கரப்ட் என்று சொன்ன பேக்கப்பிலிருந்து எடுத்து, ரிகவரி என்று எனக்கே விற்றிருக்கிறார்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தேன். சிஸ்டம் இமேஜ் இருக்கும் போல்டருக்கு விண்டோஸ் வைக்கும் பெயர் ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’. அதை ‘ஓல்டு’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். பெயரை மாற்றிவிட்டால் ரீஸ்டோர் செய்யும்போது விண்டோஸுக்கு அந்த பேக்கப் கண்ணிலேயே படாது. உள்ளே விஎச்டிஎக்ஸ் என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘அட்டாச் விஎச்டி’ கொடுத்து, ரீட் ஒன்லி என்ற கட்டத்தில் டிக் போட்டுத் திறந்தால், ஒரு தனி டிரைவ் போல விரியும். ரீட் ஒன்லி போடுவது முக்கியம், தெரியாமல் ஏதாவது எழுதப்பட்டால் இமேஜ் கெட்டுவிடும். எனக்கு எல்லாம் ஒழுங்காகத் திறந்தது.

பிறகு ஏன் அவர்களுக்கு ரீஸ்டோர் ஆகவில்லை? அவர்கள் விற்ற எஸ்எஸ்டிதான் காரணம். விண்டோஸின் இந்த ரீஸ்டோர், பழைய டிஸ்க்கின் மொத்த அளவைத்தான் பார்க்கும். நாம் 300 ஜிபி பயன்படுத்தினோமா, 30 ஜிபி பயன்படுத்தினோமா என்று பார்க்காது. 1 டிபி டிஸ்க்கில் எடுத்த இமேஜை அதைவிடச் சின்ன டிஸ்க்கில் போடச் சொன்னால், மீட்பதற்கு ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை என்று நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பார்த்துக் கடைக்காரருக்கு நிஜமாகவே புரியாமல் போயிருக்கலாம், அதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் பேக்கப்பைத் திறந்து காப்பி எடுக்கத் தெரிந்தவர், அது கரப்ட் என்று சொல்லி 6,500 வாங்கியது ஏமாற்றுத்தான்.

960 ஜிபி எஸ்எஸ்டியையும் ‘1 டிபி சார்’ என்று சொல்லி விற்கிறார்கள். இந்த வேலைக்கு அதுவும் ஆகாது. 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், 960 ஜிபி டிஸ்க்கை 894 என்று காட்டும். பெட்டியில் 1 டிபி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான் அப்படி ஒன்று வாங்கி வந்து நானே ஏற்றினேன். 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரைப் போட்டு, அதிலிருந்து கணினியை பூட் செய்து (தொடங்கி), ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக சிஸ்டம் இமேஜ் ரிகவரிக்குப் போனால் போதும். போல்டர் பெயரை மட்டும் பழையபடி மாற்றிக்கொண்டேன். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், அது கணினியைத் தொடங்கும் புதிய முறை. பழைய விண்டோஸ் எந்த முறையில் இருந்ததோ அதே முறையில் பூட் செய்ய வேண்டும். மாற்றிப் போட்டால் ஃபர்ம்வேர் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) வேறு என்று சொல்லி மறுத்துவிடும். இதையும் ‘பேக்கப் கரப்ட்’ கணக்கில் சேர்க்கும் கடைகள் உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார். ரீஸ்டோர் முடிந்ததும் என்எச்எம் ரைட்டர் முதல் வால்பேப்பர் வரை விட்ட இடத்தில் இருந்தது.

விண்டோஸுக்கு வாங்கிய 1,500 தனிக் கொள்ளை. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டுண்டது, டிஸ்க் மாற்றினால் போகாது. அவர்கள் போட்டிருந்தது கிராக், அதாவது திருட்டு விண்டோஸ். ஆக்டிவேஷன் 180 நாளில் காலாவதியாகும் என்று காட்டியது, அது அலுவலகங்களுக்கான வால்யூம் லைசென்ஸ் முறை. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

எஸ்எஸ்டியாவது புதுசா என்று, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அது புதுசுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். டிஸ்க் எத்தனை மணிநேரம் ஓடியது என்று அதில் தெரியும். ஆனால் அந்தக் கணக்கையும் அழிக்க முடியும். பல ஆயிரம் மணிநேரம் ஓடிய டிஸ்க்குகளைக் கணக்கை அழித்துப் புதிது என்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளியானது.

கடையில் போய்த் தேதிகளைக் காட்டிக் கேட்டேன். “டெக்னீஷியன் லீவு சார்” என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜாப் கார்டு, வாட்ஸ்அப் செய்தி, யுபிஐயில் பணம் போன விவரம் எல்லாம் என்னிடம் இருந்தன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றும் சொன்னேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு கடையிலிருந்தே போன் வந்தது, ரிகவரிக்கு வாங்கிய 6,500 கணக்குக்குத் திரும்பியது. விண்டோஸ் பணம் வரவில்லை.

பழைய டிஸ்க்கும் வரவில்லை. எங்கள் ஆதார், பான் ஸ்கேன்கள், வங்கி ஸ்டேட்மென்ட்டுகள் அதில் இருக்கின்றன. “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்” என்கிறார்கள். விண்டோஸ் ஏறாத டிஸ்க் என்பதற்காக அதிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது என்று அர்த்தமில்லை. பழைய டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். நான் வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிட்டேன். டிஸ்க் விஷயத்தையும் அதே புகாரில் சேர்த்திருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.