பிளிமத் பட்டக்ஸெட்: 1627-ஆம் ஆண்டைத் தாண்டாத ஒரு தெரு

அமெரிக்காவின் பாஸ்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளிமத் நகருக்கு வருவோரில் பலர், கடற்கரையில் 1620 என்று பொறித்து வைத்திருக்கும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஆண்டில் இங்கிலாந்திலிருந்து இங்கே குடியேற வந்தவர்கள் எவரும் அந்தப் பாறையின்மேல் கால்வைத்து இறங்கியதாக எழுதி வைக்கவுமில்லை. நேரம் ஒதுக்க வேண்டிய இடம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1947-இல் ஹென்றி ஹார்ன்ப்ளோவர் தொடங்கி, 2020-இல் பிளிமத் பட்டக்ஸெட் என்று பெயர் மாற்றப்பட்ட வாழும் வரலாற்று அருங்காட்சியகம் அது; 1627-இல் இருந்த ஊரை மீளமைத்து, அதன் வாழ்க்கையை மனிதர்களே நேரில் காட்டும் இடம். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் சென்றேன். அவர்கள் கொடுத்த ஒன்றரை மணி நேரத்தில் தெருவின் பாதியைக்கூடப் பார்த்து முடிக்க இயலவில்லை. ஆகவே இந்த மதிப்புரை, பின்னர் ஒரு முழு நாளைச் செலவிட்டதன் பயனாக எழுதப்படுவது.

ஆங்கிலேயர் குடியிருப்பு மரவேலிக்குள் அமைந்திருக்கிறது. மேட்டின்மேல் கோட்டை, அதன் மேல்தளத்தில் பீரங்கிகள், கீழ்த்தளத்தில் வழிபாட்டுக் கூடம். அங்கிருந்து கடலை நோக்கிச் சரியும் தெருவின் இருபுறமும் மரப்பலகைச் சுவர்களும் நாணல் வேய்ந்த கூரைகளும் கொண்ட சிறு வீடுகள் நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் பெரும்பாலும் ஒரே அறைதான். அடுப்பு, படுக்கை, பெட்டி, தானியம் எல்லாம் அந்த ஓர் அறைக்குள் அடங்கிவிடுகின்றன. அடுப்புப் புகை உடையில் ஏறி, மாலையில் விடுதிக்குத் திரும்பும் வரை உடன் வருகிறது.

மீளமைப்புக்கு 1627-ஆம் ஆண்டைத் தேர்ந்ததில் நல்ல காரணம் இருக்கிறது. அந்த ஆண்டில் காலனியின் கால்நடைகளைப் பங்கிட்டபோது 156 பேரை, பங்குக்குப் பதின்மூவராக, பன்னிரண்டு பங்குகளில் பெயர் பெயராக எழுதி வைத்தார்கள். அதே காலத்தில் நியூ நெதர்லாந்திலிருந்து வந்த ஐசக் டி ராசியேர் என்ற டச்சு அதிகாரி, தெருவையும் கோட்டையையும், ஞாயிற்றுக்கிழமைகளில் முரசொலிக்கு ஏற்ப மூவர் மூவராகத் துப்பாக்கியுடன் வழிபாட்டுக்கு நடந்த ஊர்மக்களையும் விவரித்து எழுதினார். இந்த ஆவணங்கள் இல்லாவிட்டால் இவ்விடம் வெறும் அலங்காரக் காட்சியாகவே நின்றிருக்கும்.

வீடுகளில் இருக்கும் பணியாளர்கள் அக்காலத்து மனிதர்களாகவே பேசுகிறார்கள். அவர்களுடைய ஆங்கிலமும் பதினேழாம் நூற்றாண்டின் வட்டார வழக்கைத் தழுவியது. கைப்பேசியைக் காட்டி எதையாவது கேட்டால் அவர்களுக்குப் புரியாது. ஆனால் கடனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. பயணத்துக்கு முதலிட்ட லண்டன் வணிகர்களின் பங்கை 1,800 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டு, அதை ஆண்டுக்கு 200 பவுண்டாக அடைக்க ஒப்புக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இறைநம்பிக்கைக்காகக் கடல் கடந்த கதையை மட்டும் படித்து வந்தவர்களுக்கு, அந்தக் கடனை அடைக்க விற்ற பீவர் என்னும் விலங்கின் தோல் விலையைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதைக் கேட்பது நல்ல மருந்து. கறுப்பு உடையும் உலோகக் கொக்கி வைத்த தொப்பியும் தேடிப் போகிறவர்களுக்கும் ஏமாற்றமே கிடைக்கும். ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலிலேயே சிவப்பு மேற்சட்டை ஒன்று இருந்தது.

மரவேலிக்கு வெளியே, ஈல் ஆற்றங்கரையில் உள்ள பட்டக்ஸெட் குடியிருப்புக்கு வந்ததும் முறை மாறிவிடுகிறது. இங்கே இருப்பவர்கள் வாம்பனோவாக் இனத்தையும் பிற பூர்வகுடிகளையும் சேர்ந்தவர்கள். மான்தோல் உடை அணிந்திருந்தாலும் வேடம் ஏற்பதில்லை, இன்றைய மனிதர்களாகவே பேசுகிறார்கள். மரப்பட்டை போர்த்திய வெட்டு என்னும் வீட்டையும், அடிமரத்தை நெருப்பால் குடைந்து மிஷூன் என்னும் படகு செய்யும் முறையையும் விளக்குகிறார்கள். ஆங்கிலேயர் குடியேறிய நிலம் வெற்று நிலமன்று. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அழிந்த பட்டக்ஸெட் என்ற ஊரின் வயல்கள் அவை. 1614-இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் கடத்திச் சென்று ஸ்பெயினில் விற்க முயன்ற, அவ்வூரைச் சேர்ந்த டிஸ்குவாண்டம், ஊர் திரும்பியபோது அங்கு உறவினர் எவருமில்லை. அவரே பின்னர் வந்தேறிகளுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார். வேலிக்கு உள்ளே கேட்ட கதையை வெளியே நின்று மீண்டும் எண்ணிப் பார்க்க வைப்பதே இந்த அருங்காட்சியகத்தின் முதன்மையான சிறப்பு என்பேன்.

1620-இல் குடியேறிகள் வந்த மேஃபிளவர் கப்பலின் மாதிரியாகத் துறைமுகத்தில் நிற்கும் இரண்டாம் மேஃபிளவர், இங்கிலாந்தின் பிரிக்ஸமில் கட்டப்பட்டு 1957-இல் கடல் கடந்து வந்தது. கீழ்த்தளத்தில் குனிந்து நின்று, 102 பயணிகள் 66 நாள் இப்படி வந்தார்கள் என்பதைக் கற்பனை செய்தாலே முதுகு வலிக்கிறது. அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மாவு ஆலை சிறியது. விரைவில் பார்த்து முடிக்கலாம்.

வாசகர் ஒன்றைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். பிளிமத்தில் குடியேறியவர்களை வழிநடத்தியவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டே விலகிய பிரிவினையாளர்கள். அதனுள் இருந்தபடியே சீர்திருத்தம் நாடிய பியூரிட்டன்கள், ஜான் வின்திராப்பின் தலைமையில் 1630-இல் வந்து பாஸ்டனை நிறுவினார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659-இல் சட்டம் செய்ததும் அவர்களே. அந்த உலகத்தை இங்கே தேடக்கூடாது. இரண்டு காலனிகளும் 1691-இன் அரச ஆணைக்குப் பிறகே ஒன்றாயின.

குடியிருப்பு, கப்பல், ஆலை மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்குவது நல்லது. மண்பாதைகள் சரிவானவை என்பதால் முதியோரை அழைத்துச் செல்பவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கடுங்குளிர் மாதங்களில் இவ்விடம் வழக்கமாக மூடியிருக்கும். முதலில் குடியேற வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைப் பலிகொண்ட பருவம் அது.