ஃபுளோரன்ஸில் எதில் ஏறுவது: குவிமாடமா, மணிக்கோபுரமா?

ஃபுளோரன்ஸ் கதீட்ரல் முன்னால் போய் நின்றால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வரும். ஒரு பக்கம் புருனெல்லெஸ்கியின் குவிமாடம், 463 படி. பக்கத்திலேயே ஜோத்தோவின் மணிக்கோபுரம், 414 படி. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. முழங்கால் ஒத்துழைத்தால் இரண்டிலும் ஏறலாம், ஆனால் பலருக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும்.

நல்ல படம் வேண்டும் என்று போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், மணிக்கோபுரம்தான். குவிமாடத்தின் உச்சியில் நின்றால் ஊரே தெரியும், குவிமாடம் மட்டும் தெரியாது! கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் அந்தச் செங்கல் நிறப் பிரம்மாண்டம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். மேல்தளத்தில் கம்பிவலை போட்டிருக்கிறார்கள்தான், ஆனால் போனை இடுக்கில் வைத்து எடுத்துவிடலாம். நடுநடுவே தளங்கள் இருப்பதால் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாக ஏறலாம் என்பதும் ஒரு வசதி.

கட்டடமாகவும் கோபுரம் சாதாரணமானதில்லை. ஜோத்தோ 1334-ல் தொடங்கி, அடித்தளப் பகுதி எழும்பிய நிலையில் 1337-ல் இறந்துபோனார். ஆந்த்ரேயா பிசானோ தொடர்ந்தார், ஃபிரான்செஸ்கோ தலேந்தி 1359-ல் முடித்தார். தலேந்தி செய்த வேலை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்கையும் கீழுள்ளதைவிடப் பெரிதாகக் கட்டினார், தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியட்டும் என்று.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டும் என் ஓட்டு குவிமாடத்துக்குத்தான். கோபுரத்தில் ஏறினால் காட்சி கிடைக்கும், குவிமாடத்தில் ஏறும்போது கட்டடத்தின் உடம்புக்குள்ளேயே நடக்கிறோம். அது ஒற்றைச் சுவர் இல்லை. உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், இரண்டுக்கும் இடையில் படிக்கட்டு. ஏற ஏறச் சுவர் தலைக்கு மேல் சாய்ந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் நாமும் உடம்பை வளைத்துத்தான் நடக்கவேண்டும். அப்போது செங்கற்களைக் கவனியுங்கள். படுக்கை வரிசைகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்திய சில கற்கள் மீன்முள் மாதிரி சாய்வாக ஏறிப் போகும். சுண்ணாம்புச் சாந்து இறுகும் முன் கற்கள் உள்பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்தியது அந்த அடுக்குமுறைதான். அதனால்தான் கிட்டத்தட்ட 45 மீட்டர் அகலத் திறப்பை, தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலேயே, 1420-லிருந்து 1436-க்குள் மூடிவிட முடிந்தது. இத்தனைக்கும் இதைக் கட்டிய புருனெல்லெஸ்கி தொழில் பழகியது பொற்கொல்லராக.

போகிற வழியில் இன்னொன்று. உள்ளே விளிம்பைச் சுற்றி ஒரு நடைபாதை வரும், அங்கே வசாரி 1572-ல் தொடங்கி ட்சுக்காரி 1579-ல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' சுவரோவியம் முகத்துக்கு நேரே நிற்கும். கீழிருந்து நுணுக்கமாகத் தெரிந்த பேய்கள் பக்கத்தில் பார்த்தால் ராட்சச அளவு, தூரிகை வீச்சும் முரட்டுத்தனமாக இருக்கும். ஓவியமாக அது அந்த ஊரின் சிறந்த வேலைகளில் சேராது என்பது என் கருத்து, ஆனால் இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பை விடக்கூடாது.

இடுக்கான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் குவிமாடத்தை விட்டுவிடுங்கள். பாதியில் திரும்புவது சிரமம், பின்னால் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இவர்களுக்கு நான் கோபுரத்தைக்கூடச் சொல்லமாட்டேன், கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கும் அருங்காட்சியகம் போதும். கோபுரத்தின் அடியில் பதித்திருக்கும் அறுகோணச் சிற்பங்கள் நகல்கள்தான், அசல் அங்கேதான் இருக்கிறது. கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் ஞானஸ்நான மண்டபத்துக்காகச் சிற்பி கிபெர்த்தி செய்த, தங்க முலாம் பூசிய கதவுகளின் அசலும் அங்கேதான்.

குவிமாடத்துக்கு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், முன்கூட்டியே தீர்ந்துவிடும், எனவே பயணத் தேதி முடிவானதுமே வாங்கிவிடுங்கள். அந்த டிக்கெட்டிலேயே கோபுரமும் அருங்காட்சியகமும் அடக்கம் என்பதால், முதலில் குவிமாடம் ஏறி இறங்கிவிட்டு, கால் என்ன சொல்கிறது என்று பார்த்துக் கோபுரத்தை முடிவு செய்யலாம்.