திருகோணமலையில சைவச் சாப்பாடு எண்டு நம்பி 78,500 ரூபா குடுத்து ஏமாந்தம், போறாக்கள் வாசிச்சிட்டுப் போங்கோ

இண்டைக்குக் காலமை அந்த கெஸ்ட் ஹவுஸ் ஓனர் என்னை பிளாக் பண்ணிட்டார். அதுவரைக்கும் பேசாம இருப்பம் எண்டுதான் இருந்தனான், இனி ஏலாது. திருகோணமலைக்கு லீவுக்குப் போற சைவக்காரர் என்னென்ன கவனிக்கோணும் எண்டு கடைசியில விபரமா போடுறன், முதல்ல நடந்ததைக் கேளுங்கோ.

நாங்கள் வவுனியா. அம்மாவுக்கு 71 வயசு, அப்பா செத்த வருசத்தில இருந்து மச்சம் தொடுறேல்லை, முட்டையும் இல்லை. எனக்குப் போன வருசம் ஒப்பரேஷன் நடந்தது, அது சுகமா முடிஞ்சா கோணேஸ்வரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலமைப் பூசைக்கு வாறன் எண்டு நேர்த்தி வைச்சவ. பிள்ளையளுக்குக் கடல் வேணும், புறாத்தீவுக்கு போட்டில போகோணும். அதால டவுனில நிக்காம நிலாவெளிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பாத்தம். ரூம் புக் பண்ணுற ஆப் ஒண்டிலதான் பாத்தது. வாழையிலையில சோறு கறி வைச்ச படம், கீழ 'சுத்த சைவச் சாப்பாடு செய்து தரப்படும்' எண்டு போட்டிருந்தது.

புக் பண்ணின அண்டு பின்னேரமே ஓனர் கோல் எடுத்தார். "அக்கா, ஆப்புக்கு கொமிஷன் போகுது, அதைக் கான்சல் பண்ணிப்போட்டு நேர என்ர எக்கவுண்டுக்குப் போடுங்கோ, நான் மூண்டு நேரச் சாப்பாடும் சேர்த்துத் தாறன்" எண்டார். நான் திருப்பித் திருப்பிக் கேட்டன், மாசிக் கருவாடு கூடப் போடக்கூடாது, சட்டி வேற, அகப்பை வேற, உங்களால ஏலுமோ எண்டு. "என்ன அக்கா இப்பிடிக் கேக்கிறியள், எங்கட வீட்டிலயும் வெள்ளிக்கிழமையில மச்சம் புழங்கிறேல்லை, அம்மாட்டக் குடுங்கோ போனை" எண்டார். அம்மாவோட பத்து நிமிசம் கதைச்சார். என்ன நேர்த்தி, பூசைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும், ஓட்டோ சொல்லி விடுறன், அது இது எண்டு. அம்மா போனை வைச்சிட்டு "நல்ல பிள்ளை, வளர்ப்புத் தெரியுது" எண்டா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஆப்பில போட்டதைக் கான்சல் பண்ணிப்போட்டு அவற்ற எக்கவுண்டுக்கு 78,500 ரூபா போட்டன். அஞ்சு பேர், ரெண்டு ரூம், மூண்டு இரவு. 78,500.

வியாழக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தம். ஓனர் இல்லை, கொழும்புக்குப் போட்டாராம். இரவு இடியப்பம், சொதி, பருப்பு, சம்பல் வந்தது. பசி, அம்மா சம்பலைக் குழைச்சு ரெண்டு வாய் சாப்பிட்டிட்டா. மூண்டாவது வாயில பல்லில ஏதோ கடிபட்டது. எடுத்துப் பாத்தா மண்ணிற நார். மாசி.

இந்தியாவில இருந்து வாறவைக்கு மாசி தெரியாம இருக்கும், அதால சொல்லுறன். சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, காய வைச்சு விறகுக்கட்டை மாதிரி ஆக்கினது, மாலைதீவுச் சாமான். இடிச்சுப் போட்டா தேங்காய்ப்பூவுக்கையும் மிளகாய்த்தூளுக்கையும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சம்பலுக்கு, சீனிச்சம்பலுக்கு, வறைக்கு, சில இடத்தில பருப்புக்குக்கூடப் போடுவினம்.

குசினிக்குப் போனன். சமைக்கிற பிள்ளை பயந்துபோச்சு, அதில பிழையில்லை. "ஐயா மரக்கறிச் சாப்பாடு எண்டு மட்டும்தான் அக்கா சொன்னவர், மாசி போடக்கூடாது எண்டு சொல்லேல்லை" எண்டது. பக்கத்து அடுப்பில மீன் பொரியுது, அதே கரண்டி. அவ்வளவு நேரம் என்னோட கதைச்ச மனுசன் குசினிக்கு ஒரு வரி சொல்லேல்லை.

அம்மா சத்தி எடுத்தா. இரவு முழுக்கத் தண்ணி மட்டும்தான். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. விடிய நாலு மணிக்கு முழுகிப்போட்டு எங்களோட வந்தா, ஆனா உள்ளுக்குப் போகேல்லை. கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள மான் நிக்கிற மரத்தடியில இருந்துகொண்டு "நீங்கள் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ, நான் இந்த வாயோட வரமாட்டன்" எண்டா. சம்பந்தர் பாடின தலம், ஒரு வருசமாப் பாத்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, மலைக்குக் கீழ இருந்திட்டுத் திரும்பினா. 78,500 ரூபா இண்டைக்குப் போனா நாளைக்கு உழைப்பம், இதை ஆர் திருப்பித் தாறது?

அண்டைக்கு மத்தியானம் மரக்கறி பிரைட் ரைஸ் எண்டு தந்தினம், முட்டை கிடந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம். டவுனில சைவக்கடை ஒண்டில போய்த்தான் அம்மா ஒரு தோசை சாப்பிட்டவ. இதுதான் எனக்கு இன்னும் வயிறெரியுது, டவுனுக்குள்ள சைவக்கடை இருக்கு, கோயிலடி ஊர், சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. டவுனில ஒரு ரூம் எடுத்திருந்தா ஒண்டும் நடந்திராது.

பிறகு காசு கேக்கத் தொடங்கினன். வெள்ளிக்கிழமை எடுத்தா "மாசி இல்லாம சம்பல் எப்பிடி அக்கா, அது மீன் எண்டே நாங்கள் கணக்கெடுக்கிறேல்லை" எண்டார். வெள்ளிக்கிழமை மச்சம் புழங்காத வீடாம்! சனிக்கிழமை "டிரைவிங்கில நிக்கிறன்". ஞாயிறு "நீங்களாத்தானே ரூமை விட்டிட்டுப் போனியள்". திங்கள் "மனேஜரோட கதையுங்கோ", மனேஜர் எண்டு தந்த நம்பர் அவற்ற தம்பியின்ர. செவ்வாய் மெசேஜைப் பாத்திட்டுப் பதில் இல்லை. இண்டைக்கு பிளாக். நிக்காத ரெண்டு இரவுக் காசையாவது தாங்கோ எண்டுதான் கேட்டனான், 78,500ல அஞ்சு சதம் வரேல்லை. ஆப்காரரிட்டக் கேட்டா நீங்கள் கான்சல் பண்ணிப்போட்டு வெளியால காசு குடுத்திருக்கிறியள், எங்களுக்குச் சம்மந்தமில்லை எண்டு ஒரு மெசேஜ், அதுக்குப் பிறகு அதே மெசேஜ் இன்னும் ரெண்டு தரம். பில்லும் இல்லை, என்னட்ட இருக்கிறது பாங்க் சிலிப்பும் வட்ஸ்அப்பும் மட்டும்தான்.

விபரமா எழுதுறன் எண்டன், இப்ப மனசு ஓடுதில்லை, முக்கியமானது மட்டும் சொல்லுறன். ஆப்பை விட்டிட்டு நேர காசு போடச் சொன்னா போடாதேங்கோ, எவ்வளவு இனிமையாக் கதைச்சாலும். 'மரக்கறி' எண்டு சொல்லாதேங்கோ, 'மாசி, கருவாடு, முட்டை, சிக்கன் கியூப் ஒண்டும் வேண்டாம்' எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, அதையும் ஓனரிட்ட இல்லை, சமைக்கிற ஆளிட்ட. மரக்கறிக் கொத்துக்கு முட்டை போடுறவை, எல்லாத்தையும் அதே கல்லிலதான் கொத்துறவை. வயசானவையோட போனா டவுனில நில்லுங்கோ, கடலுக்குப் பகலில போய்ட்டு வரலாம். பில் கேட்டு வாங்குங்கோ.

பாவனையாளர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு நாளைக்குக் காலமை எடுக்கப் போறன், சிலிப்பைக் கையில வைச்சுக்கொண்டு. அந்த வாழையிலைப் படம் இப்பவும் ஆப்பில கிடக்கு, கொஞ்சம் முதல்தான் பாத்தனான்.